சுலோஜனா வரைந்த கெட்ட எதிர்காலம்

ஒரு புலியைப் பசுமாடாக்கியவள் என்றுதான் வெளியார் முதலில் சுலோஜனாவை அறிந்துகொண்டார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்த சங்கதி அது. இலங்கை மலைநாட்டில், பதுளைக்குப் பக்கத்து ஸ்பிரிங்வெளிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கு என்று சொல்லப்படும் மேல் டிவிசனில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் அவள் ஆயாவாக இருந்தாள். தொழிற்சாலைக் கதவுகளுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைக் கேட்டு வாங்கி, வெறுமையாய்க் கிடந்த சுவர்களில் படம் போடுவாள். பிள்ளைகள் யானை கேட்டார்கள், யானை வந்தது. மயில் கேட்டார்கள், மயில் வந்தது. பிறகு புலி கேட்டார்கள்.

நல்ல புலியாகவே அமைந்துவிட்டது. வாயைத் திறந்து, வாலைத் தூக்கி, பார்ப்பவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. வடக்கில் சண்டை நடக்கும் காலம். பதுளை பஸ் நிலையத்தில் தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கும் காலம். வேறு ஏதோ களவு விசாரிக்கத் தோட்டத்துக்கு வந்த பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் தண்ணீர் குடிக்கப் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தார். சுவரைப் பார்த்தார். கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டார். கூட வந்த கணக்கப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது.

சார்ஜன்ட்டுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். கெட்ட மனிதரும் அல்ல. "புலி வேணாம் நோனா. வேற ஏதாவது போடுங்க" என்றார்.

"சிங்கம் போடவா சார்?" என்று சுலோஜனா கேட்டாள். சிங்கம் நாட்டுக் கொடியில் இருப்பதை அவள் நினைக்கவே இல்லை, சத்தியமாக மனதில் ஒரு விகற்பமும் இல்லை. நாலு கால், ஒரு வால், உடம்பு அப்படியே உதவும் என்றுதான் யோசித்தாள்.

சார்ஜன்ட் குவளையைத் திரும்பக் கையில் எடுத்தார். "அதுவும் வேணாம்" என்றார்.

அப்படித்தான் புலி மாடானது. வரிகளை நிரப்பிக் கறுப்புத் திட்டுக்களாக்கினாள், கொம்பு வைத்தாள், மடியும் வைத்தாள். மீசையை மட்டும் எத்தனை பூச்சுப் பூசியும் மறைக்க முடியவில்லை. பிள்ளைகள் அதற்கு மீசைமாடு என்று பெயர் வைத்தார்கள். கதை தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் லயமாகப் பரவி, கோயில் திருவிழாவுக்கு வளைவு எழுதுவது, சாவு வீட்டுக்குப் பதாகை எழுதுவது என்று அவளுக்கு வேலைகள் வர ஆரம்பித்தன. யாரிடமும் போய் முறையாகப் படித்தவள் அல்ல அவள். அதனால் யார் என்ன சொன்னாலும் அதன்படி மாற்றிக் கொடுப்பாள். அவளுடைய பெருமையே அதுதான். "என்னா வேணுமோ சொல்லுங்க, மாத்தித் தாரேன்" என்பாள்.

சண்டை நிறுத்தம் வந்து, வெளிநாட்டுக் காசில் ஊருக்கு ஊர் திட்டங்கள் முளைத்த காலத்தில் ஒரு நாள், பிள்ளைக்காம்பரா வாசலில் வெள்ளை ஜீப் ஒன்று வந்து நின்றது. மதுசூதனன் இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளை ஓயா என்கிற ஆற்றின் நீரேந்துப் பகுதியைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு அவர்தான் அலுவலர். நீரேந்துப் பகுதி என்றால் என்ன என்று அவர் விளக்கினார்: மழை எங்கெங்கே விழுந்து வழிந்து கடைசியில் பதுளை ஓயாவுக்கு வந்து சேருகிறதோ, அந்த மலையும் சரிவும் பள்ளமும் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

"அப்ப நம்ம லயத்துக் கூரையும் அதுலதாங்களா?" என்று கேட்டாள் சுலோஜனா.

"ஓம், அதுவுந்தான்" என்றவர் விஷயத்துக்கு வந்தார். "இரண்டாயிரத்து இருபத்தைந்திலை இந்த இடம் எப்பிடி இருக்கும் எண்டு மூண்டு பெரிய பலகையிலை கீறவேணும். ஒண்டு, இப்பிடியே போனால். ரெண்டாவது, கெட்டுப்போனால். மூண்டாவது, திருந்தினால். சனம் பாத்திட்டு எது வேணுமெண்டு தாங்களே சொல்லவேணும். அதுதான் எங்கட முறை."

"அவங்க எத சொல்லணும்னு நீங்க நெனக்கிறீங்க சார்?"

மதுசூதனன் சிரித்தார். "திருந்தின எதிர்காலத்தைத்தான். வேறை எதை ஆரேன் கேப்பினமே?"

பலகைகள் வந்தன. டப்பா டப்பாவாகப் புதுப் பெயின்ட்டும் வந்தது. தொழிற்சாலைப் பச்சையையும் சிவப்பையும் வைத்தே காலத்தை ஓட்டியவளுக்கு, ஊதாவையும் ஆகாய நீலத்தையும் பார்த்ததும் கை நிற்கவில்லை.

‘இப்படியே போனால்’ பலகையைச் சீக்கிரம் முடித்துவிட்டாள். வாசலில் நின்று தெரிந்ததை அப்படியே வரைந்தாள், அவ்வளவுதான். ‘திருந்தினால்’ பலகைக்கு மதுசூதனன் சொன்னபடி மலையுச்சி முழுவதும் அடர்ந்த காடு போட்டாள். குருவிகள், ஒரு மான், கண்ணாடி மாதிரித் தண்ணீர். மேற்கணக்கு லயங்கள் இருப்பது உச்சியில்தான். காட்டை அடர்த்தியாக்க ஆக்க லயங்கள் மரங்களுக்கு அடியில் மறைந்துபோயின. அது அவளுக்குச் சற்று உறுத்தத்தான் செய்தது. ஆனால் சொன்னதைத்தானே வரைய வேண்டும்.

அவள் மனம் வைத்து வரைந்தது கெட்டுப்போன எதிர்காலத்தைத்தான். காடு கழனி எல்லாம் அழிந்து வீடும் கட்டடமுமாய்ப் போய்விடும் என்று மதுசூதனன் சொல்லியிருந்தார். சுலோஜனா லயத்துக் காம்பராவில் பிறந்து லயத்துக் காம்பராவிலேயே வாழ்க்கைப்பட்டவள். வீடு என்று ஒருவர் வரையச் சொன்னால் அவளால் அலட்சியமாக வரைய முடியுமா? சரிவெங்கும் தனித்தனி வீடுகளை நிறுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறக் கதவு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழாய். மாடிகள், பல்கனியில் காயும் துணி, தார் ரோட்டில் சிவப்பு பஸ், கீழே வீடுகளை ஒட்டியே ஆறு. ஓரமாய்க் கொஞ்சம் குப்பையும் போட்டாள். அந்தக் குப்பைகூட நிறம் நிறமாய் அழகாகவே இருந்தது.

மண் அரித்துப் போவதைக் காட்ட மட்டும் அவளுக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. அதற்காக அதிகம் அலையவில்லை. அவள் புருஷன் இராசையா தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டு லொறி வாங்கியவர்களின் கதைகளை பஸ்ஸில் கேட்டு வந்து, பிள்ளைக்காம்பராவுக்குத் தண்ணீர் வரும் ஓடைக் கரையை வெட்டிக் கிழங்குப் பாத்தி கட்டியிருந்தான். மழை பெய்தால் பாத்தியின் பாதி மண் ஓடைக்குள்தான் போகும். அதை அவள் அப்படியே வரைந்தாள். நடுவில் மண்வெட்டியோடு சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஆளையும் வைத்தாள்.

வேலை விட்டு வந்த இராசையா பலகைக்கு முன்னால் குந்திப் பார்த்தான். "இது நாந்தானே?"

"யாரோ ஒரு ஆளுங்க."

"எந்தொப்பிய போட்டுக்கிட்டு யாரோ ஒரு ஆளா? ஏன் புள்ள, ஊரே கெட்டுப்போறதுக்கு நான் ஒருத்தன்தான் ஒனக்கு கெடச்சனா?"

"ஒங்க பாத்தி தண்ணியதான் புள்ளைங்களுக்கு ஆத்திக் குடுக்கிறேன். ஒரு நாளைக்கு வந்து டின்னு அடியில நிக்கிற சேத்த பாருங்க."

அவன் எழுந்து போகும்போது, "தொப்பி மட்டும் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் திடலில், மூன்று பலகைகளையும் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பால்மா டின். ஆளுக்கொரு தேயிலைக் கொட்டை. பிடித்த எதிர்காலத்தின் டின்னில் போட வேண்டும். மதுசூதனன் ஒவ்வொரு பலகையாக விளக்கினார். கெட்டுப்போன எதிர்காலத்துக்கு வந்ததும் ஒவ்வொரு கட்டடமாய்த் தொட்டுக் காட்டி எச்சரித்தார். சனங்கள் அமைதியாகக் கேட்டார்கள். கேட்டு முடித்து, வரிசையாக வந்து அந்தக் கெட்டுப்போன எதிர்காலத்தின் டின்னிலேயே கொட்டையைப் போட்டார்கள்.

மதுசூதனனுக்கு முதலில் விளங்கவில்லை. மாறிப் போடுகிறார்கள் என்று நினைத்து ஓடிப்போய், "அம்மா, இது கெட்டது. நல்லது அங்காலை" என்றார்.

முன்னால் நின்ற கருப்பம்மா கொழுந்துக் கூடை தூக்கி முதுகு வளைந்தவள். வாய் மட்டும் வளையாதவள். "தெரியுங்க ஐயா. கெட்டதுலதான் வீட்டுக்கு வீடு கொழா இருக்கு" என்றாள்.

"காடு வேண்டாமே உங்களுக்கு? தண்ணி அதிலை இருந்துதானே அம்மா வருது!"

"வேணாம்னு யாருங்க சொன்னா? நல்லா பாத்தேன். குருவி இருக்கு, மான் இருக்கு. நம்ம லயம் இருந்த எடத்துல மரம் நிக்கிது. நம்மள எங்கங்க அனுப்புனீங்க?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ‘இப்படியே போனால்’ பலகையை யாரும் சீண்டவே இல்லை. அதைப் பார்ப்பதற்கு ஏன் வரிசையில் நிற்க வேண்டும், திரும்பிப் பார்த்தால் தெரிகிறதே என்று ஒருவர் சொன்னார்.

சுலோஜனா களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று ஒரு பக்கம் கூச்சம். தான் வரைந்த வீடுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க சனம் முண்டியடிப்பதைக் கண்டு மறுபக்கம் உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு. எது கூடுதல் என்று கேட்டிருந்தால், குளுகுளுப்புத்தான் என்று ஒப்புக்கொண்டிருப்பாள்.

மறுநாளே மதுசூதனன் வந்துவிட்டார். "கொழும்பிலை இருந்து ஆக்கள் வருகினம், வெளிநாட்டுக்காரரும் வருகினம். இப்பிடி முடிவைக் காட்டேலாது. கெட்டதை இன்னும் கெட்டதாக் கீறுங்கோ பிள்ளை. வீடுகளிலை வெடிப்பு விழவேணும். மண் சரியவேணும். குழாயிலை தண்ணி வரப்படாது."

"அதுக்கென்னாங்க, மாத்தித் தாரேன்" என்றாள் அவள்.

சாம்பல் நிறத்தைக் குழைத்து முதல் வீட்டில் முதல் வெடிப்பை இழுத்தபோது கருப்பம்மா வாசலில் வந்து நின்றாள். பேத்தியைக் கூட்டிப்போக வந்தவள், பேத்தியை மறந்துவிட்டாள்.

"ஏன்டி சுலோ, என்னா பண்ற? அந்த நீலக் கதவு வீடு என்னுதுடி!"

"ஒங்க வீடா? எப்பக்கா?"

"நேத்து கூட்டத்துலயே பேசியாச்சு. நீலக் கதவு எனக்கு, பக்கத்து மஞ்ச எந்தங்கச்சிக்கு. என்னைய வெளியில நிக்க வச்சிட்டு செவுத்துல வெடிப்பு போடுறியே, ஒனக்கு நல்லா இருக்கா?"

அன்று முழுவதும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மேற்கணக்கு முழுவதும் அந்தப் பலகையில் குடியேறிவிட்டிருந்தது. ரோட்டோர வீட்டுக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கேட்டுப் பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரு வீட்டின் மாடியில் காயும் சேலை தன்னுடையது அல்ல, மாற்றிப் போடு என்று ஒருத்தி வந்தாள். சார்ஜன்ட்டுக்காக ஒரு விலங்கையே மாற்றியவளுக்கு, இத்தனை பேருடைய வீடுகளை இடிக்கக் கை வரவில்லை. எந்த வீட்டுக்கு ஆள் இல்லையோ அதில் வெடிப்புப் போடலாம் என்று தேடினாள். அப்படி ஒரு வீடும் மிஞ்சவில்லை. மண்சரிவை மட்டும் ஒரு மூலையில் யாருக்கும் படாமல் வரைந்து, அதற்குக் கீழே ஒரு மதிலும் கட்டிவிட்டாள். போதாததற்கு, கேட்டவர்களின் வாசல்களில் வாழை, கொய்யா, தோடை என்று நட்டாள். மதுசூதனன் திரும்பி வந்து பார்த்தபோது, கெட்டுப்போன எதிர்காலம் முன்னை விடச் செழிப்பாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. பிள்ளைக்காம்பராவின் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வெகுநேரம் காட்டுப் பலகையையே பார்த்தார்.

"எங்கட வீட்டு வளவும் இப்ப இப்பிடித்தான் கிடக்கு" என்றார். "தொண்ணூறாம் ஆண்டு விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். போன வருசந்தான் ஆமிக்காரங்கள் தள்ளி நிண்டு பாக்க விட்டவங்கள். அடுப்படிக்குள்ளை மரம். கிணத்துக்குள்ளை மரம். குருவியள் வடிவாப் பாடுது. அதை நல்ல எதிர்காலம் எண்டு எங்கட அம்மாவுக்கு நான் சொல்லேல்லை."

சுலோஜனா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவர் எழுந்தார். டிரைவரிடம் ஜீப்பிலிருந்து திருகாணி முடுக்கி ஒன்றை எடுத்து வரச் சொன்னார். பலகைகளின் தலைப்புகள் தனித்தனித் தகரத்தில் எழுதி மேலே முடுக்கப்பட்டிருந்தன. ‘திருந்தினால்’ தகரத்தையும் ‘கெட்டுப்போனால்’ தகரத்தையும் கழற்றினார். இடம் மாற்றி முடுக்கினார்.

"சார், அது பொய் இல்லீங்களா?"

"எது பொய் எண்டு இப்ப எனக்கே வடிவாத் தெரியேல்லைப் பிள்ளை" என்றார் மதுசூதனன்.

கொழும்பு ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டு அம்மையார் ஒருவர் வீட்டுப் பலகைக்கு முன்னால் நின்று கைதட்டினார். மக்களை மறக்காத சூழல் பாதுகாப்பை இங்கேதான் காண்கிறேன் என்று அவர் சொன்னதை மதுசூதனன் தமிழில் சொன்னார். மேற்கணக்கு மக்கள் கிட்டத்தட்ட ஒருமனதாக நல்ல எதிர்காலத்தைத் தேர்ந்தார்கள் என்று அறிக்கை போனது. திட்டத்தின் அடுத்த வருடக் கலண்டரில் வீட்டுப் படம் அச்சாகி வந்தது. அடியில் ‘ஓவியம்: மேற்கணக்கு மக்கள்’ என்று இருந்தது. தன் பெயரைக் காணாமல் சுலோஜனாவுக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, அந்தச் சேலையையும் கொய்யாவையும் நினைத்துப் பார்த்து, அவர்கள் எழுதியதும் தவறில்லை என்று விட்டுவிட்டாள்.

அதிகம் சந்தோஷப்பட்டவன் இராசையாதான். கலண்டர் விளக்கத்தில் அவனுடைய பாத்திக்கு நேரே ‘நிலைபேறான விவசாயம்’ என்று போட்டிருந்தது. அதை வெட்டிக் கதவில் ஒட்டிவைத்துவிட்டு, ஓடைக்கரையில் இன்னும் இரண்டு பாத்தி கட்டினான். சுலோஜனா சண்டை போட்டால், "அரசாங்கமே நல்லதுன்னு அச்சடிச்சிருச்சு, நீ யாரு புள்ள?" என்பான். ஒரு மார்கழி மழையில் கரையோடு பாத்திகள் எல்லாம் சரிந்து ஓடைக்குள் போயின. பிள்ளைக்காம்பராத் தொட்டி முழங்கால் அளவு சேறானது. இராசையா அதை நாள் முழுக்கத் தனியாக அள்ளினான். அந்தக் கரையில் பிறகு அவன் மூங்கில் நட்டான். படத்தைப் பார்த்துத் திருந்தியதாக யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, மூங்கிலுக்கு நல்ல விலை வரப்போகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

திட்டம் முடிந்தது. மதுசூதனன் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். திட்டத்தின் அலுவலகம் பதுளையில் இத்ரூஸ் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடை மாடியில் இருந்தது. காலி செய்தவர்கள் பலகைகளை அங்கேயே விட்டுப் போனார்கள். காட்டுப் பலகையை எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் ஆசையோடு கேட்டு வாங்கிப் போனார். வெள்ளைக்காரர்கள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதாகக் கேள்வி. ‘இப்படியே போனால்’ பலகை தோட்டத்துக்குத் திரும்பி வந்து, பிள்ளைக்காம்பராக் கக்கூசுக்கு மறைப்பாக நின்றது. வீட்டுப் பலகையை ஹாஜியார் சீமெந்து மூட்டைகளுக்கு மேலே மாட்டினார். வாங்க வந்தவர்கள் அதில் விரல் வைத்து, "இந்த மாதிரி ஒன்று கட்ட எவ்வளவு போகும்?" என்று கேட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து, பெயின்ட் வாங்கப் போன சுலோஜனாவை ஹாஜியார் விடவில்லை.

"வாங்க புள்ள, நம்மட புது ஊட்டப் பாத்திட்டுப் போங்க. நீங்க போட்ட படம்தான். படத்துல ஈக்கிறமாதிரியே அச்சா கட்டணும்னு மேசன் பாஸ்கிட்ட சொல்லிட்டேன்."

பதுளை ஓயாவின் கரையில் வீடு எழும்பியிருந்தது. பச்சைக் கதவு, வாசலில் குழாய், மேலே பல்கனி. சுலோஜனா பச்சைக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். பலகையில் கையகலம் இருந்தது இப்போது கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் உயரத்தில் நின்றது. பார்த்துக்கொண்டே வந்த கண் பல்கனியில் நின்றுவிட்டது. அதற்குக் கதவு இல்லை. வரையும்போது அந்த இடத்தில் காயும் துணியைப் போட்டவள், உள்ளேயிருந்து ஆள் வருவதற்கு வழி வைக்க மறந்திருந்தாள். அத்தனை பேர் வந்து அத்தனை குறை சொல்லியும் ஒருவருக்கும் அது கண்ணில் பட்டிருக்கவில்லை. கட்டிய மேசன் பாஸும் படத்தை மீறவில்லை.

"மேல எப்படிங்க போவீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஜன்னலாலதான். பழகிட்டு. வாங்க."

ஹாஜியாரின் மனைவி றமீலா ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். சுலோஜனா சேலையைச் சொருகிக்கொண்டு ஜன்னல் வழியாக ஏறி வெளியே இறங்கினாள். காற்று நன்றாக வந்தது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு, அஸ்திவாரத்தை ஒட்டியே போனது.

"ஆறு இவ்வளவு கிட்டவா ஓடுது? மழைக்குப் பயமில்லீங்களா ஹாஜியார்?"

"படத்துலயும் கிட்டத்தானே புள்ள ஓடுது?" என்றார் அவர். "அதுல ஒண்டும் ஆகல்லயே."

பலகையில் இடம் போதாமல் ஆற்றை நெருக்கி வரைந்ததை அவள் எப்படிச் சொல்வாள்? றமீலா ஜன்னல் வழியாகத் தேத்தண்ணியை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு, "ஒரு பலகை குடுங்க ஹாஜியார், வேற படம் ஒன்னு போட்டுத் தாரேன்" என்றாள் சுலோஜனா. "மொதல்ல ஆத்த தள்ளி வைக்கிறேன். அப்பறம் வீடு."